மலை வீட்டில் கணப்பு அடுப்பு: எந்த இடத்தில் கட்டுவது?

கோத்தகிரியில் வீடு கட்டும்போது எங்களுக்கு அதிக நாள் இழுத்த கேள்வி இதுதான். பிளான் போட்டவர் ஹாலின் வெளிச்சுவரில், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே கணப்பை வரைந்து கொடுத்திருந்தார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணப்புக்கு இடம் பார்ப்பது என்றால் புகைபோக்கிக்கு இடம் பார்ப்பதுதான். அதை முடிவு செய்துவிட்டால் கணப்பு தானாக அதன் காலடியில் வந்து உட்காரும்.

கீழே இருப்பது விறகு எரிக்கும், செங்கல்லில் கட்டும் கணப்புக்கு மட்டும்.

படி 1: கூரையிலிருந்து தொடங்குங்கள்

புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். அதோடு, சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயரமாக இருக்க வேண்டும். சரிவுக் கூரையில் இது பெரிய வித்தியாசம் காட்டும். கூரை உச்சியை ஒட்டிப் புகைபோக்கி வந்தால் 3 அடி போதும். உச்சியிலிருந்து 9 அடி தள்ளி வெளிச்சுவர் பக்கம் வந்தால், அந்த இடத்தில் கூரை நாலரை அடி தாழ்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறரை அடிக்குச் செங்கல் எழுப்பியாக வேண்டும். மழைக்கும் காற்றுக்கும் நடுவே அதைத் தாங்கி நிறுத்துவது தனி வேலை, தனிச் செலவு.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிச்சுவரில் இருக்கும் புகைபோக்கி இரவெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும். உள்ளே குளிர்ந்த காற்று கனத்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் பற்றவைத்ததும் புகை மேலே போகாமல் ஹாலுக்குள் திரும்பும். வீட்டுக்கு நடுவில் இருக்கும் புகைபோக்கி வெதுவெதுப்பாகவே இருப்பதால் சட்டென்று இழுக்கும். செங்கல் வாங்கிய சூடும் பின்பக்க அறைக்கே கிடைக்கும். ஊட்டி, குன்னூர் பழைய பங்களாக்களில் இரண்டு அறைகளின் கணப்புகள் முதுகோடு முதுகாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே ஒரே கோபுரம்தான் தெரியும். ஆனால் கோபுரத்துக்கு உள்ளே ஒவ்வொரு கணப்புக்கும் தனிக் குழல், அதாவது புகை மேலே ஏறும் வழி, வேண்டும். இரண்டையும் ஒரே குழலில் சேர்க்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படி 2: தூக்குக்குண்டு

கூரையில் குறித்த புள்ளியிலிருந்து நேர் கீழே இறங்குங்கள். வழியில் பீம் குறுக்கிடுகிறதா, மாடியில் அலமாரியோ கதவோ வருகிறதா என்று பாருங்கள். குழலை வளைத்துக்கொள்ளலாம் என்பார்கள். முடிந்தவரை நேராகவே விடுங்கள். வளைவில் கரி சேரும், துடைப்பதும் கஷ்டம். இதற்கு லேசர் வேண்டாம், நூலில் கட்டிய தூக்குக்குண்டே எனக்குப் பிடித்தது. மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்றால் வேலை முடிந்தது. புகைபோக்கிச் செங்கல்லுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே 2 அங்குலம் விடச் சொல்லிவிடுங்கள்.

படி 3: வீட்டுக்குள் காற்று எந்தப் பக்கம் போகிறது?

எங்களை நிறுத்தி வைத்த படி இது. கூரைக் கணக்குப்படி இரண்டு இடங்கள் தேறின: மாடிப்படியின் அடியில் ஒன்று, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒன்று. எல்லோருக்கும் படியடி இடம்தான் பிடித்திருந்தது. முடிவு செய்யுமுன் ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்த்தோம்.

இதைப் பகலில் செய்யாதீர்கள், ஒன்றும் தெரியாது. மார்கழி, தை இரவில், வெளியே நல்ல குளிரும் உள்ளே கொஞ்சம் கதகதப்பும் இருக்கும்போது செய்யுங்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கணப்பு வாய் வரும் உயரத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். படியடியில் எங்கள் புகை நூல் பிடித்தாற்போல் சாய்ந்து படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறியது. மாடி ஜன்னலைத் திறந்ததும் இன்னும் வேகம். அதாவது, வீடே ஒரு பெரிய புகைபோக்கி. நாம் கட்டும் புகைபோக்கி அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் சாப்பாட்டு அறைச் சுவருக்கு வந்தோம். புகை நேராக நின்றது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அந்தப் பக்கம் மடங்கியது. ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். வேறு வழி இல்லாவிட்டால் புகைபோக்கி வழியாகவே இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு. சமையலறை ஜன்னலைக் கையகலம் திறந்ததும் புகை மறுபடி நிமிர்ந்தது. அந்த இடத்தையே எடுத்துக்கொண்டோம். கணப்புக்கு அருகில் வெளிக்காற்று வர 4 அங்குலக் குழாய் ஒன்றும் பதித்தோம். எலி வராமல் இருக்க வாயில் கம்பிவலை.

காற்று வேண்டுமென்று ஜன்னல் திறந்தால், காற்று வந்து மோதும் பக்கத்து ஜன்னலைத் திறக்க வேண்டும். எதிர்ப்பக்கம் திறந்தால் அது வீட்டுக் காற்றை உறிஞ்சும், நிலைமை மோசமாகும்.

படி 4: அளவு

கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது குழலின் உட்பரப்பு இருக்க வேண்டும். 30 அங்குல அகலம், 26 அங்குல உயரம் என்றால் 780 சதுர அங்குலம். 9க்கு 9 அங்குலக் குழல் 81 வரும், சரி. வாய்க்கு முன்னால் 16 அங்குலமும் இருபுறம் 8 அங்குலமும் கல் தளம் போடுங்கள். சோபா, திரைச்சீலை, விறகுக் குவியல் எல்லாம் 3 அடிக்கு அப்பால். சாக்பீஸால் தரையில் வரைந்து, நடந்து பாருங்கள். செங்கல் கணப்பு பெரும் எடை; தனி அஸ்திவாரம் வேண்டும். டிவியை அதன் மேல் மாட்டாதீர்கள்.

திறந்த கணப்பில் பெரும்பகுதிச் சூடு மேலே போய்விடும். சூடுதான் முக்கியம் என்றால் கதவு வைத்த வார்ப்பிரும்பு அடுப்பை வாங்குங்கள். என் விருப்பமும் அதுதான்; வீட்டில் மற்றவர்களுக்கு நெருப்பைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பின்சேர்க்கை 1: அக்கினி மூலையில்தான் வைக்க வேண்டுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வீட்டின் தென்கிழக்கு மூலை என்றால் இரண்டு பக்கமும் வெளிச்சுவர், புகைபோக்கி எப்போதும் குளிர்ந்தே இருக்கும். வாஸ்து பார்ப்பவர்கள் ஹாலின் தென்கிழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது உட்சுவராக அமையும்.

பின்சேர்க்கை 2: புகைபோக்கிக்கு இடமே இல்லை, தட்டில் அடுப்புக்கரி வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. பூட்டிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கணப்பு இருக்கும் வீட்டிலும் அதற்கான அலாரம் ஒன்று அவசியம்.

பின்சேர்க்கை 3: கொடைக்கானல் வாசகர் ஒருவர் வீட்டில் தட்டையான கான்கிரீட் மாடி. 3 அடி உயர்த்தியும் காற்றடிக்கும்போது புகை திரும்புகிறதாம். படத்தைப் பார்த்தால் 6 அடி தள்ளி தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கியைவிட உயரமாக. 10 அடிக் கணக்கில் தொட்டியும் சேர்த்தி. தொட்டியை நகர்த்துவது சுலபமென்றால் அதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் புகைபோக்கியை அதைவிட 2 அடி உயர்த்துங்கள்.