சர்ச்ல வாரநாள் குரூப்ல சேரணுமா, இப்படி ஆரம்பிச்சு பாருங்க

ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஆராதனைக்கு போறேன், இன்னும் பக்கத்துல உட்கார்றவர் பேர் கூட தெரியாதுன்னு சொல்றவங்க நிறைய பேர், நானும் ரொம்ப நாள் அந்த கேஸ்தான். இதுல யார் மேலயும் தப்பு இல்லங்க. ஆராதனைல எல்லாரும் முன்னாடி பாத்து உட்காந்திருக்கோம், முடிஞ்சதும் வாசல்ல போதகருக்கு கை குடுத்துட்டு கிளம்பிடுறோம், நடுவுல எங்க பேசுறது. மூஞ்சிய பாத்து பேசுற இடம்னா அது வாரநாள்ல நடக்குற சின்ன கூட்டங்கள்தான். அதுல ஒன்னுல போய் ஒழுங்கா உட்காந்துட்டா அப்புறம் ஞாயித்துக்கிழமையும் மாறிடும்.

முதல் வேலை, என்னென்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்குறது. ஆராதனைல வாசிக்குற அறிவிப்ப நம்ம யாரும் கவனிக்கறது இல்ல (சத்தியமா சொல்லுங்க), அதனால நோட்டீஸ் போர்ட ஒரு போட்டோ எடுத்துட்டு வீட்ல உட்காந்து பாருங்க. வேதபாடம், ஜெபக்கூட்டம், பாடகர் குழு, வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கியம், முதியோர் சந்திப்பு, ஓய்வுநாள் பள்ளி (பிள்ளைங்களுக்கான சண்டே ஸ்கூல்), இப்படி இருக்கும். கத்தோலிக்க பங்குன்னா (அவங்க ஊர் சர்ச்ச அப்படித்தான் சொல்லுவாங்க) அன்பியம் (அக்கம்பக்கத்து குடும்பங்கள் கூடுறது), மறைக்கல்வி (வேதம் சொல்லிக்குடுக்குறது), வின்சென்ட் தே பால் சபை (ஏழைகளுக்கு உதவுறது), மரியாயின் சேனை (ஜெபமும் சேவையும்)ன்னு பேரு மாறும். பேர வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, "ஐக்கியம்"னு போட்டிருக்குற ஒன்னு ஒரு இடத்துல அரட்டையும் டீயுமா இருக்கும், இன்னொரு இடத்துல ரெண்டு மணி நேரம் முழங்கால்ல நிக்க வெச்சிடுவாங்க.

இன்னொன்னு, சர்ச் ஹால்ல நடக்குறது எல்லாமே சர்ச்சோட கூட்டம் இல்ல. இது நான் பட்டு தெரிஞ்சுகிட்டது. முதல் தடவை வேதபாடத்துக்கு போறேன்னு கிளம்பி, தப்பான கதவ தொறந்து, வட்டமா போட்டிருந்த சேர்ல ஜம்முனு உட்காந்துட்டேன், ஒருத்தர் எழுந்து பேர சொல்லி குடியிலிருந்து வெளிய வந்து எத்தனை மாசம் ஆச்சுன்னு சொன்னப்பதான் புரிஞ்சுது இது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம்னு. 1935-ல அமெரிக்கால ஆரம்பிச்ச அமைப்பு அது, எந்த மதத்தையும் சேந்தது இல்ல, ஆனா பல ஊர்ல சர்ச் ஹால வாடகைக்கு எடுத்து கூடுவாங்க. அவங்க கூட்டத்துல ரெண்டு வகை, "ஓப்பன்"னா யாரு வேணா உட்காரலாம், "க்ளோஸ்ட்"னா குடிய விடணும்னு நினைக்குறவங்க மட்டும். அன்னைக்கு நடந்தது க்ளோஸ்ட். யாரும் சிரிக்கல, ஒரு அண்ணன் எழுந்து வந்து சரியான ரூம் வரைக்கும் கொண்டு விட்டுட்டு போனார். அங்க யார பாத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் நான் வாய தொறந்தது இல்ல, நீங்களும் எங்கயாவது தெரியாம நுழைஞ்சுட்டா அப்படியே இருந்துக்கோங்க.

சரி, எதுல சேர்றது? என் கருத்து, முடிவு தேதி இருக்குற ஒன்னுல ஆரம்பிங்க. வருஷக்கணக்கா ஓடிட்டிருக்குற குரூப்ல புதுசா நுழைஞ்சா அவங்களுக்குள்ள பழைய கதை, பழைய ஜோக் எல்லாம் இருக்கும், நீங்க ஓரமா முழிச்சிட்டிருப்பீங்க. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல அஞ்சாறு வாரம் மட்டும் நடக்குற வாசிப்பு குரூப், இல்லன்னா 1977-ல லண்டன்ல ஒரு சர்ச்ல ஆரம்பிச்சு இப்ப உலகம் பூரா நடக்குற ஆல்ஃபா கோர்ஸ் மாதிரி பத்து பதினொரு வாரத்துல முடியுறது, இதுல எல்லாருமே ஒரே நாள்ல புதுசா வந்திருப்பாங்க. புடிக்கலன்னா கோர்ஸ் முடிஞ்சதும் நைசா கழண்டுக்கலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ஆல்ஃபாவ பொறுத்தவரை நம்பிக்கை இல்லாதவங்க வந்து கேள்வி கேக்கணும்னுதான் அத நடத்துறதே, அதனால நான் கிறிஸ்டியன் இல்லயே வரலாமான்னு தயங்க வேண்டாம்.

எத்தனை பேர் வருவாங்கன்னும் கேளுங்க. பன்னெண்டு பேருக்கு மேல போனா நாலு பேர் பேசுவாங்க, மத்தவங்க தலையாட்டுவாங்க, அவ்ளோதான். இந்த பன்னெண்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1742-ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ல, மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச போதகர் ஜான் வெஸ்லியோட சபைக்கு கட்டிடக் கடன் இருந்துச்சு, அத அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னின்னு முடிவு பண்ணி, சுமார் பன்னெண்டு பேருக்கு ஒரு தலைவர்னு பிரிச்சு வீடு வீடா வசூலுக்கு அனுப்புனாங்க. போனவங்களுக்கு காசோட சேத்து எந்த வீட்ல யாருக்கு உடம்பு முடியல, எந்த வீட்ல சண்டைன்னு எல்லாம் தெரிய ஆரம்பிச்சுது. வசூலுக்குன்னு பிரிச்சது, ஒருத்தர ஒருத்தர் விசாரிக்குற வாரக் கூட்டமா மாறிடுச்சு. நல்ல வீட்டுக்கூட்டம் இன்னைக்கும் இதே மாதிரிதான், நீங்க ரெண்டு வாரம் வரலன்னா யாராவது ஒருத்தர் போன் பண்ணுவாங்க, எங்க போனீங்கன்னு அதட்ட இல்ல, நல்லா இருக்கீங்களான்னு கேக்க.

முதல் நாள் பத்தி கொஞ்சம். நடத்துறவருக்கு முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டுடுங்க, "புதுசா வரேன், எந்த கதவு, எத்தன மணிக்கு முடியும்"னு. முடியுற நேரம் கேக்குறது முக்கியம், ஆரம்பிக்குற நேரம் எல்லாரும் சொல்லுவாங்க, முடியுற நேரம் யாரும் சொல்ல மாட்டாங்க. பத்து நிமிஷம் முன்னாடி போய் சேர் போட ஹெல்ப் பண்ணுங்க, கூச்சப்படுறவங்களுக்கு இத விட நல்ல வழி எனக்கு தெரியாது, கையில வேலை இருந்தா வாய் தானா பேசும். பைபிள் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, கத்தோலிக்க பைபிள்ல 73 புத்தகம், புராட்டஸ்டண்ட் பைபிள்ல 66, பதிப்புக்கு பதிப்பு பக்க எண்ணும் வேற, அதனால அதிகாரம் வசனம் எண்ண வெச்சுதான் தேடணும். முன்னாடி இருக்குற பொருளடக்கத்த பொரட்டுறதுல வெக்கமே இல்ல, இருபது வருஷமா வர்றவங்களும் ஆபகூக்குன்ற சின்ன புத்தகம் பைபிள்ல எங்க இருக்குன்னு தேடுறத நான் கண்ணால பாத்திருக்கேன்.

வாசிக்க சொன்னா, ஜெபம் பண்ண சொன்னா, "இன்னைக்கு கேட்டுக்குறேன்"னு சொன்னா போதும், நல்ல குரூப்னா அடுத்தவர்கிட்ட போயிடுவாங்க. பேச பயமா இருக்குன்னா மேரி சம்னர நினைச்சுக்கோங்க. 1876-ல இங்கிலாந்துல மதர்ஸ் யூனியன்ற சர்ச் தாய்மார்கள் அமைப்ப ஆரம்பிச்சவங்க அவங்க, முதல் கூட்டத்துல பதட்டத்துல பேச்சே வராம, அடுத்த வாரம் வாங்கன்னு வந்தவங்கள அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் பேசுனாங்க, அந்த அமைப்பு இன்னைக்கும் பல நாட்டுல இருக்கு. ஒரே நாள் போயிட்டு செட் ஆகாதுன்னு விட்டுடாதீங்க, நாலு வாரம் குடுங்க. முதல் வாரம் எல்லாமே ஒரு மாதிரிதான் இருக்கும்.

பாடகர் குழுல சேர ஆசை இருந்தா கிறிஸ்மஸுக்கு, ஈஸ்டருக்கு முன்னாடி போகாதீங்க, அந்த மாசம் அவங்க டென்ஷன்ல இருப்பாங்க, சொல்லிக்குடுக்க நேரம் இருக்காது. ஜனவரில போங்க. மியூசிக் நோட்ஸ் படிக்க தெரியணும்னு பல இடத்துல கட்டாயம் இல்ல, உங்க பார்ட் சோப்ரானோவா ஆல்ட்டோவா டெனரா பேஸானு அவங்களே பாத்துப்பாங்க, நல்லா பாடுற ஒருத்தர் பக்கத்துல நின்னுக்கோங்க, காது மத்தத பாத்துக்கும்.

பேச்சே வேணாம், வேலை செய்யத்தான் புடிக்கும்னு இருக்குறவங்க சேவை குரூப் பக்கம் போகலாம், உணவு பொட்டலம் கட்டுறது, உடம்பு முடியாதவங்கள போய் பாக்குறது மாதிரி. வின்சென்ட் தே பால் சபை 1833-ல பாரிஸ்ல ஃப்ரெடரிக் ஓஸானாமும் கூட இருந்த மாணவர்களும் ஆரம்பிச்சது, அவங்க யார் வீட்டுக்கும் தனியா போக மாட்டாங்க, ரெண்டு ரெண்டு பேரா போறதுதான் வழக்கம். எந்த சேவை குரூப்லயும் இத கேட்டு வாங்கிக்கோங்க, முதல் சில தடவை பழகுன ஒருத்தரோட மட்டும் போங்க.

பிள்ளைங்கள அனுப்புறதுன்னா இங்க மட்டும் கூச்சமே பட வேண்டாம். ஓய்வுநாள் பள்ளி பெருசா பரவுனதே 1780-கள்ல, இங்கிலாந்துல குளோஸ்டர்ல ராபர்ட் ரெய்க்ஸ் வாரம் பூரா வேலை செய்யுற பிள்ளைங்களுக்கு லீவு நாள்ல எழுத்து சொல்லிக்குடுத்ததுலருந்து, இப்ப எல்லா இடத்துலயும் இருக்கு, ஆனா எப்படி நடத்துறாங்கன்றது இடத்துக்கு இடம் மாறும். ரூம்ல எப்பவும் ரெண்டு பெரியவங்க இருக்காங்களா, கதவு தொறந்திருக்கா இல்ல கண்ணாடி வெச்சிருக்கா, பிள்ளைய யார் கூட்டிட்டு போறாங்கன்னு எழுதிக்குறாங்களா, ஆசிரியர்கள விசாரிச்சுத்தான் சேத்தாங்களா, நேரா கேளுங்க. கேட்டதுக்கு சந்தோஷமா பதில் சொல்ற சர்ச் நல்ல சர்ச். "நம்ம சபைல அதெல்லாம் எதுக்கு, எல்லாரும் ஒரே குடும்பம்"னு சிரிச்சு மழுப்புனா பிள்ளைய அங்க விடாதீங்க.

ஜெப விண்ணப்பம் பத்தி சொல்லியே ஆகணும். "அந்த அக்காவுக்காக ஜெபிச்சுக்கோங்க, வீட்ல பிரச்சனையாம்"னு ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல முழு குடும்ப கதையும் வெளிய வந்துடும், பக்தி பேர்ல நடக்குற வம்பு இது, நானும் பண்ணிருக்கேன். மத்தவங்க விஷயத்த அவங்க சம்மதம் இல்லாம வாட்ஸப் குரூப்ல போடாதீங்க, உங்க விஷயத்த சொல்றப்பவும் "இது இந்த ரூமோட இருக்கட்டும்"னு சொல்லிட்டு சொல்லுங்க. ஆரம்பத்துல சின்ன விஷயமா சொல்லி பாருங்க, அது வெளிய கசியலன்னா பெருசா சொல்லலாம்.

காணிக்கை தட்டு வந்தா போடலாம், போடாம பக்கத்துல குடுத்துடலாம், வாரநாள் குரூப்ல பெரும்பாலும் தட்டே வராது. ஆனா குரூப் தலைவர் தனியா கூப்பிட்டு பணம் கேட்டா, வீட்டுக்காரங்களோட பேசாதீங்கன்னு சொன்னா, வெளிய போறேன்னா சாபம் வரும்னு பயமுறுத்துனா, அன்னைக்கே நின்னுடுங்க, போதகர்கிட்டயும் சொல்லுங்க, தலைவரே போதகர்னா அவருக்கு மேல இருக்குறவங்ககிட்ட போங்க.

சாதாரணமா ஒத்து வரலன்னு விலகுறது வேற, அதுக்கு ஒரு மெசேஜ் போதும், "இந்த நாள் எனக்கு சரிப்படல, நன்றி"ன்னு. ஓடி ஒளியாதீங்க, அப்புறம் ஞாயித்துக்கிழமை தூண் பின்னாடி உட்கார வேண்டி வரும்.

ஒத்து வந்துச்சுன்னா நீங்க எதுவும் பண்ண வேண்டாம், அவங்களே உங்ககிட்ட வேலைய குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க, முதல்ல டீ, அப்புறம் வாசிக்குறது, அப்புறம் ஒரு நாள் ஹால் சாவி கைக்கு வந்துடும். வந்தா, சேரெல்லாம் அடுக்கிட்டு பூட்டுறதுக்கு முன்னாடி பாத்ரூம் லைட்ட ஒரு தடவ பாத்துடுங்க, எல்லாரும் மறக்குறது அதுதான்.