மஞ்சள் ஏலப் பதிவை ஜேசானாக எழுதுவதும் வகை பிசகாமல் மீட்பதும்

ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றுக்குப் பைதானில் ஏலக் கணக்கு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லாட்டும், அதாவது ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்குத் தொகுதியும், ஒரு டேட்டாகிளாஸ் பொருள். புலங்களின் பெயரையும் வகையையும் அறிவித்துத் தரவை வைக்கும் பைதான் வகுப்பே டேட்டாகிளாஸ். அதில் லாட் எண் சரமாகவும், மூட்டைக் கணக்கு முழு எண்ணாகவும், குவிண்டால் விலை டெசிமலாகவும் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை), ஏல நாள் தேதியாகவும் இருக்கும். ரகம் என்பது விரலி, கிழங்கு ஆகிய இரண்டை மட்டுமே ஏற்கும் தனி வகை. ஈரப்பதம் அளக்கப்படாமலும் இருக்கலாம்.

ஜேசான் என்பது தரவை உரையாக எழுதிச் சேமிக்கும் வடிவம். அதற்குத் தெரிந்தவை சரம், எண், உண்மை பொய், வெற்று மதிப்பு, பட்டியல், பெயரிட்ட புலங்களின் தொகுப்பு ஆகியவை மட்டுமே. தேதியும் டெசிமலும் அதில் இல்லாததால், லாட் பொருளைப் பைதான் அகராதியாக்கி நேரே எழுதச் சொன்னால் பைதான் வகைப்பிழை காட்டி நின்றுவிடும். தெரியாததையெல்லாம் சரமாக்கிவிடு என்று பொதுக் கட்டளை கொடுத்து இதைத் தாண்டுவது பரவலான வழக்கம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிழைச்செய்தி மறையுமே தவிர, எந்தச் சரம் தேதி, எந்தச் சரம் விலை என்ற செய்தி எங்கும் பதிவாகாது.

மாறாக, எழுத ஒன்று, படிக்க ஒன்று என இரண்டு செயல்கூறுகளை லாட் வகுப்புக்குள்ளேயே வையுங்கள். எழுதும்போது தேதியை 2025-02-14 என்ற ஐஎஸ்ஓ வடிவிலும், ரகத்தை 'விரலி' போன்ற அதன் மதிப்புச் சரமாகவும், விலையைச் சரமாகவும் கொடுங்கள். விலையை ஜேசான் எண்ணாக விட்டால், படிக்கும் பக்கம் அதை மிதவைப்புள்ளி எண்ணாக, அதாவது பல தசமங்களைத் தோராயமாகவே வைக்கும் வகையாக எடுக்கக்கூடும், அங்கே 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பைதான் இயல்பாகத் தமிழ் எழுத்துகளை யூனிகோடு குறியெண்களாக மாற்றி எழுதுவதால், ஆங்கில எழுத்துகளை மட்டும் கொண்ட ஆஸ்கியில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயத்தை (ensure_ascii) நீக்கி, கோப்பைத் தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள்.

கவனம் முழுவதும் தேவைப்படுவது படிக்கும் செயல்கூறில்தான், ஏனெனில் டேட்டாகிளாஸ் தன் புலங்களுக்கு அறிவித்த வகையைத் தானாகச் சோதிப்பதில்லை. விலைப் புலத்தில் வெறும் சரம் வந்தாலும் ஏற்றுக்கொண்டு, கூட்டல் போடும் இடத்தில்தான் முறியும். ஆகவே ஒவ்வொரு புலத்தையும் பெயர் சொல்லி எடுத்து, வகையைப் பார்த்து, பிறகே மாற்றுங்கள். மூட்டைக் கணக்கு முழு எண்தானா என்று மட்டும் கேட்டால் 'உண்மை' என்ற மதிப்பும் தேறிவிடும், பைதானில் அது முழு எண்ணின் துணைவகை என்பதால். அதைத் தனியே விலக்க வேண்டும். 'எண் அல்ல' என்பதற்கான NaN என்ற குறியைக்கூட டெசிமல் மறுக்காது என்பதால், விலை முடிவுள்ள எண்தானா என்றும் கேளுங்கள். லாட் எண்ணை எண்ணாக்கினால் 0047 என்பது 47 ஆகிவிடும். ஈரப்பதப் புலமே இல்லாததை முழுமையற்ற பதிவாகவும், அது வெற்றாக இருப்பதை அளக்கவில்லை என்றும் கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

இறுதியாக, ஒரு லாட்டை எழுதி, உடனே படித்து, மூலத்தோடு சமமா என்று பாருங்கள். ஈரப்பதம் அளந்தது, அளக்காதது, விரலி, கிழங்கு என எல்லா நிலைக்கும் இந்தச் சோதனையை எழுதுங்கள். கூடவே, ரகத்தில் பிழையான சொல் உள்ள பதிவு ஒன்று கட்டாயம் மறுக்கப்படுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.