வானொலிக் கலைஞரின் வாழ்க்கையைத் தொகுக்கப் போகிறீர்களா?

உள்ளூர் ரேடியோ, டிவி கலைஞர் ஒருவருக்கு எண்பது வயது ஆகிறது, அவர் வாழ்க்கையைச் சொல்லும் சிறப்பு மலர் அச்சிட வேண்டும் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால் நான் முதலில் சொல்வது இதுதான்: "எந்த வருஷம் ரேடியோவில் சேர்ந்தீர்கள்?" என்று அவரிடம் கேட்காதீர்கள். யாருக்கும் வருஷம் சரியாக நினைவிருக்காது. கேட்டதற்காக ஒன்றைச் சொல்வார். அது அச்சேறிவிட்டால் அப்புறம் அதுதான் வரலாறு. நெல்லைப் பக்கத்து வில்லிசைக்காரர்கள், நாடகக்காரர்கள் சிலருடைய கதையைத் தொகுத்ததில் எனக்குப் பிடிபட்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் டிரங்குப் பெட்டி. அகில இந்திய வானொலி வெளிக் கலைஞர்களை ஒப்பந்தத் தாள் அனுப்பித்தான் கூப்பிடும். கலைஞர்கள் 'கான்ட்ராக்ட்' என்பார்கள். நிகழ்ச்சி என்ன, என்றைக்கு ஒலிபரப்பு, சன்மானம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். குரல் தேர்வில் தேறிய கடிதம், வானொலி தரும் தரவரிசையில் பி கிரேடிலிருந்து பி ஹை ஆன கடிதம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அண்ணாச்சி இல்லை, அவர் மனைவி மதினிதான். காபி கொண்டுவந்து வைக்கும்போது அவரிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கோயில் கொடை, அதாவது எங்கள் பக்கத்து ஊர்க்கோயில் திருவிழா, அதற்கு அடித்த நோட்டீஸ். எனக்கு ரொம்பப் பிடித்த ஆவணம் இது. ரேடியோ எப்போதாவதுதான் கூப்பிடும்; கஞ்சி ஊற்றியது கொடை மேடைகள். அந்த மேடைக்கு விலை ஏற்றியது பெயருக்கு முன்னால் போட்ட 'வானொலி புகழ்'. நோட்டீஸ்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் அது 'வானொலி, தொலைக்காட்சி புகழ்' என்று மாறும். அதற்குள் டிவியில் முகம் காட்டிவிட்டார் என்று அர்த்தம். ('வயலும் வாழ்வும்' என்ற விவசாய நிகழ்ச்சிக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பட்டம் போடுவார்கள், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.) எங்கள் பக்கத்து நோட்டீஸில் ஆங்கில வருஷம் இல்லாமல் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். சித்திரை, வைகாசிக் கொடை என்றால் 825 கூட்டுங்கள்: கொல்லம் 1159 சித்திரை என்றால் 1984.

நினைவில் சொல்வதைச் சரிபார்க்கச் சில தேதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் நெல்லை வானொலி வந்தது 1963இல். அதற்கு முன் பாடினேன் என்றால் 1939இல் தொடங்கிய திருச்சி நிலையமா, வேறெதுவா என்று கேளுங்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. "எழுபத்து மூணுல டிவியில வந்தேன்" என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். இலங்கைத் தொலைக்காட்சியான கொழும்பு ரூபவாஹினி 1982இல் தொடங்கி, தென்கரையில் உயரமான ஆன்டெனா வைத்தவர்கள் வீட்டில் தெரிந்தது. அந்த நினைவும் இதில் கலந்துவிடும். வருஷத்துக்குப் பதில் சம்பவத்தைக் கேட்பது நல்லது. தனுஷ்கோடி புயலுக்கு முன்பா பின்பா? எம்ஜிஆர் இறந்தபோது உங்கள் நிகழ்ச்சி நின்றதா? பதில் சட்டென்று வரும்.

இன்னொன்று. தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொல்லிப் பெயர் வாங்கியது சென்னையிலிருந்து. அதற்கு முன் நெல்லை நிலையத்தில் இருந்தவர். அதனால் இங்கே பழைய கலைஞர் எல்லாரும் அவருக்கு நெருங்கிய நண்பர்தான்! ஒரு கடிதமோ புகைப்படமோ இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வரியோடு விடுங்கள்.

இனி அசல் விஷயம். கொடையில் விடிய விடியப் பாடும் கதையை ரேடியோவின் அரை மணி நேரத்துக்குள் எப்படி அடக்கினார்? இதைக் கேட்கத் தவறாதீர்கள். எந்தக் கிளைக்கதையை வெட்டினார், எந்த மெட்டை மட்டும் வைத்துக்கொண்டார், எதிரே சிரிக்க ஆளில்லாத அறையில் நகைச்சுவையை எங்கே நிறுத்தினார், ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்ததும், வில்லுக்குப் பக்கத்தில் தாளத்துக்குக் குடம் அடிப்பவர் என்ன செய்தார்? விருதுப் பட்டியலைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். இதைக் கேட்டால் வில்லைத் தட்டும் வீசுகோலைத் தேடி எழுந்துவிடுவார்கள். உங்கள் போனில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

ரேடியோவைப் பக்கத்தில் வைத்து வீட்டில் பிடித்த கேசட் இருந்தால் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். உள்ளே நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுப் பட்டை உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றி, டேப் ரெக்கார்டரில் நாடாவைத் தொடும் ஹெட்டைத் துடைத்த பிறகு, ஒயர் போட்டுக் கணினியில் ஏற்றுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்தால் மின்விசிறிச் சத்தம்தான் முன்னே நிற்கும்.

எழுதி முடித்ததும் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சக கலைஞர்மேல் கோபத்தில் சொன்னதை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். சன்மானத் தொகையை மட்டும் எடுக்காதீர்கள். அன்றைக்குப் பாட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மலரில் ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்துக்குப் போகட்டும். ஒலிப்பதிவைப் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரிடம் பென் டிரைவில் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் அதை அழித்துவிட்டு சினிமா ஏற்றிவிடுவார்.