மிச்சிகன் பொதுக்காட்டில் மான் வேட்டை: பக்கத்து ஆளோடு ஒத்துப்போவது எப்படி?

டிராய், நோவை, கேன்டன் பக்கம் குடிவந்த நம்மவர்களில் சிலருக்கு, ஆபீஸ் நண்பர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மான் வேட்டையில் ஆசை வந்துவிடுகிறது. 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு மானைச் சுட்டால் ஜெயில். இங்கே அது உரிமம் எடுத்துச் செய்கிற காரியம். ஆனால் சொந்த நிலமோ, நிலம் வைத்திருக்கும் நண்பரோ இல்லாத புதியவருக்குப் பொதுக்காடுதான் கதி. அங்கே எல்லோருக்கும் ஒரே உரிமை.

முதலில் விசா. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான பின்னும் துப்பாக்கி வீட்டு அலமாரியில் கிடந்தால் வம்புதான், விசாவுக்கும் சேர்த்து. 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் முடித்திருக்க வேண்டும். துப்பாக்கியே வேண்டாம் என்றால் வில் சீசன் அக்டோபர் 1-லேயே தொடங்கிவிடும். அப்போது கூட்டமும் குறைவு.

துப்பாக்கி சீசன் நவம்பர் 15 முதல் 30 வரை. முதல் நாள் காலை வாட்டர்லூ, அலெகன் போன்ற பொதுக்காடுகளில் விடிவதற்கு வெகு முன்பே பார்க்கிங் நிறைந்துவிடும். வண்டிகளை எண்ணுங்கள். மூன்று வண்டி நின்றால் குறைந்தது மூன்று பேர் உள்ளே இருக்கிறார்கள். பூட்ஸ் மாட்டிக்கொண்டிருப்பவரிடம் போய், "எந்தப் பக்கம் போறீங்க? நான் எதிர்ப்பக்கம் போறேன்" என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். அந்த இருட்டில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் அவரே மேப்பைத் திறந்து தன் இடத்தைக் காட்டுவார்.

உள்ளே போகும்போது தலைவிளக்கை அணைக்காதீர்கள். மான் மிரண்டுவிடும் என்று இருட்டில் பதுங்கிப் போகிறவர்தான் ஆபத்தான ஆள். நீங்கள் குறித்துவைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு விளக்கு மினுக்கினால், கையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் நகருங்கள். இரண்டு வாரமாக வந்து பார்த்துவைத்த இடம் என்பதெல்லாம் செல்லாது. ட்ரீ ஸ்டாண்டில், அதாவது மரத்தில் கட்டி உட்காரும் மேடையில், உங்கள் பெயரும் முகவரியும் அல்லது ஓட்டுநர் உரிம எண் போன்ற அடையாளமும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அடையாளம் மரத்தை உங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுப்பதில்லை. அதற்காக அடுத்தவர் ஸ்டாண்டில் ஏறிவிடாதீர்கள். அதன் வார் எத்தனை மழை பார்த்ததோ, யாருக்குத் தெரியும்?

ஆரஞ்சு உடை கட்டாயம். தொப்பியோ, ஜாக்கெட்டோ, எல்லாவற்றுக்கும் மேலே, நாலு பக்கமும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். குளிருகிறது என்று அதன் மேல் கறுப்புக் கோட்டை மாட்டினால் போட்டும் பயனில்லை. வேட்டைக்குப் போகாமல் சும்மா நடக்கப் போகிறவர்களும் அந்த இரண்டு வாரம் ஆரஞ்சு போட்டுக்கொள்வது நல்லது.

கூட்டத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தக் கூட்டம்தான் உங்களுக்கு மானை ஓட்டிக் கொடுக்கிறது. பத்து, பத்தரைக்குக் குளிரும் பசியும் தாங்காமல் ஆட்கள் வண்டிக்குத் திரும்ப ஆரம்பிப்பார்கள். அவர்கள் கால் சத்தத்தில் படுத்திருந்த மான் எழுந்து சதுப்புப் புதரைப் பார்த்து நகரும். நீங்கள் பார்க்கிங்கிலிருந்து தள்ளி, அப்படியொரு புதரோரம், காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார்ந்திருங்கள். சப்பாத்தி ரோல் கட்டிக்கொண்டு போனால் மதியம் வரை தாங்கும்.

சுட்ட மான் ஓடிப்போய் இன்னொருவர் பக்கம் விழுந்தால் குரலை உயர்த்த வேண்டாம். ரத்தத் தடத்தை இருவருமாகப் பார்த்தால் யாருடைய குண்டு சாய்த்தது என்று பெரும்பாலும் புரிந்துவிடும். அவரும் சுட்டிருந்து, தகராறு தீராமல் இழுத்தால் மானை விட்டுவிடுங்கள். இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி இருக்கிறது. மான் தனியார் நிலத்துக்குள் போயிருந்தால் உரிமையாளரிடம் கேட்காமல் வேலி தாண்டக் கூடாது.

குடலை எடுப்பதானால் நடைபாதையிலோ பார்க்கிங் ஓரத்திலோ வேண்டாம், நாய் கூட்டிவருபவர்கள் இருக்கிறார்கள். உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டான டேக்கை அங்கேயே மானில் மாட்டிவிட்டு, சுட்டதை 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். கறி நிறையவே மிஞ்சும். அதை வாட்ஸ்அப் குழுவில் "மான்கறி, பவுண்ட் இவ்வளவு" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வேட்டைக் கறியை விற்பது குற்றம். அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுக்கலாம்.