பச்சிளங்குழந்தையின் ரத்தம்: ஆய்வகத்திலும் வீட்டிலும் நடக்கும் தவறுகள்

பிறந்து பன்னிரண்டு மணி நேரமான குழந்தையின் ரத்தப் பரிசோதனை அறிக்கை வருகிறது. வெள்ளை அணுக்கள் 24,000, ஹீமோகுளோபின் 18.5. இரண்டுக்கும் பக்கத்தில் ‘அதிகம்’ என்ற குறி. குடும்பமே கலங்கிப் போகிறது. அதே குழந்தைக்கு இரண்டரை மாதத்தில் மறுபடி பார்த்தால் ஹீமோகுளோபின் 10; இப்போது ‘குறைவு’ என்ற குறி. இரண்டு முறையும் குழந்தையிடம் ஒரு கோளாறும் இல்லை. கருவியில் பதிந்திருப்பது பெரியவர்களுக்கான அளவு, அவ்வளவுதான்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் டெசிலிட்டருக்கு 14 முதல் 20 கிராம் வரை ஹீமோகுளோபின் இருப்பது இயல்பு. கருப்பையில் ஆக்சிஜன் குறைவாகவே கிடைப்பதால் அங்கே சிவப்பணுக்கள் அதிகம் தேவைப்பட்டன. வெள்ளை அணுக்களும் முதல் நாளில் 9,000 முதல் 30,000 வரை போகும்; முதல் அரை நாளில் உச்சத்தில் இருந்து, பிறகு தானாக இறங்கும். ஆகவே அறிக்கையை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது ரத்தம் எடுத்தபோது குழந்தைக்கு எத்தனை மணி நேர வயது என்பதை. அந்த நேரம் எழுதப்படாத அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நோய்த்தொற்று விஷயத்தில் இந்தத் தவறு இரண்டு பக்கமும் கடிக்கும். வெள்ளை அணு கூடியதாலேயே தொற்று என்று சொல்ல முடியாது. பச்சிளங்குழந்தைக்கு உண்மையில் கவலை தருவது 5,000-க்குக் கீழே இறங்குவதுதான். மஜ்ஜையிலிருந்து முதிராத நியூட்ரோஃபில்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) அவசரமாக வெளியே வந்து, மொத்த நியூட்ரோஃபில்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதுவும் எச்சரிக்கை. தொற்றின்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அளக்கும் சிஆர்பி பரிசோதனையும் தொற்று தொடங்கியதுமே ஏறிவிடாது, பல மணி நேரம் பிடிக்கும். முதல் அறிக்கை சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைந்து, பால் குடிக்க மறுக்கும், துவண்டு கிடக்கும், உடம்பு சில்லிட்ட குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போவதுதான் ஆபத்து. குழந்தையின் நிலை ஒன்றும் அறிக்கை வேறொன்றும் சொன்னால், குழந்தையைத்தான் நம்ப வேண்டும்.

ஆய்வகத்தில் நடக்கும் இன்னொரு பிழை உண்டு. பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் உட்கரு நீங்காத இளம் சிவப்பணுக்கள் சில சுற்றிக்கொண்டிருக்கும். பழைய வகைக் கருவிகள் அவற்றை வெள்ளை அணுவாக எண்ணிவிடும். கருவி 30,000 என்கிறது, கண்ணாடித் தகட்டில் 100 வெள்ளை அணுக்களுக்கு இப்படி 50 சிவப்பணுக்கள் தெரிகின்றன என்று வையுங்கள். 30,000-ஐ 100-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் வரும் 20,000-தான் உண்மையான எண்ணிக்கை. மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தைக்கும் சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்கும் இந்த அணுக்கள் கூடுதலாக இருக்கும் என்பதால் அங்கே திருத்தக் கணக்கைத் தவிர்க்கவே முடியாது.

குதிகாலில் எடுத்த ரத்தமும் நாளத்தில் எடுத்த ரத்தமும்

குதிகால் ரத்தத்தில் சிவப்பணுக்களின் அடர்த்தி கூடுதலாகவே தெரியும், கால் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடும். ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) குதிகாலில் 70 விழுக்காடு வந்த குழந்தைக்கு நாளத்தில் 62 வருவது சாதாரணம். ரத்தம் தடித்துவிட்டது என்று சொல்ல நாள ரத்தத்தில் 65 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். குதிகால் எண்ணை மட்டும் வைத்து ரத்தத்தை இறக்கிச் சலைன் ஏற்றும் சிகிச்சைக்குப் போவது தேவையற்ற துன்பம். பிறந்த இரண்டு மணி நேரத்தில் இந்த எண் இயல்பாகவே உச்சத்துக்குப் போய் இறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குத்தும் இடம் பாதத்தின் அடிப்பக்கத்தில், குதிகாலின் இரண்டு ஓரங்கள். நடுவிலோ பின் வளைவிலோ குத்தினால் எலும்பு பக்கத்தில் இருக்கிறது. ஆழம் 2.4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முதலில் காலை வெதுவெதுப்பான துணியால் சுற்றி வைத்துவிட்டு, குத்தியபின் வரும் முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். ரத்தம் வரவில்லை என்று பாதத்தைப் பிழிவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிழிந்தால் திசு நீர் கலக்கிறது, சிவப்பணு உடைகிறது, பொட்டாசியம் பொய்யாக ஏறுகிறது, ரத்தம் உறையத் தொடங்கி, உறைவுக்கு உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தட்டணு 40,000 என்று வந்த அறிக்கைகளில் ஒரு பகுதி இப்படிப் பிறந்தவை. குழந்தைக்கும் இயல்பான அளவு பெரியவர்களைப் போல ஒன்றரை லட்சத்துக்கு மேல்தான். ஆனால் குறைவாக வந்தால், ரத்தக்கசிவோ சிவப்புப் புள்ளிகளோ இல்லாத குழந்தையாக இருந்தால், சிகிச்சையைத் தொடங்கும் முன் குழாயில் உறைகட்டி இருந்ததா என்று கேட்டு, தகட்டில் பார்த்து, நாளத்தில் மறுபடி எடுக்க வேண்டும். மெய்யான குறைவு என்றால் அது அவசரம்.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதும் ஒரு கேள்வி. நிறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 80 முதல் 85 மி.லி. ரத்தம். 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமும் ஒரு டம்ளர்தான், ஏறக்குறைய 250 மி.லி. அதில் 5 மி.லி. எடுப்பது, பெரியவர் ஒருவரிடம் 100 மி.லி. எடுப்பதற்குச் சமம். ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் கடுமை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் பிஞ்சுகளின் ரத்தசோகைக்கு முக்கியக் காரணமே அடிக்கடி எடுக்கும் பரிசோதனை ரத்தம்தான். அரை மி.லி. பிடிக்கும் குழந்தைக் குழாய்கள் கிடைக்கும்போது பெரிய குழாயைப் பயன்படுத்த நியாயமே இல்லை. பெரிய குழாயில் கொஞ்சமாக ரத்தம் விட்டால் உள்ளிருக்கும் உறைதடுப்பு மருந்து மிகுந்து முடிவும் கெடும்.

தொப்புள்கொடியில் காட்டும் அவசரம்

பிறந்தவுடனே அழுத குழந்தைக்குக் கொடியைக் கவ்வியால் இறுக்கி மூட ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 1 முதல் 3 நிமிடம். அந்த இடைவெளியில் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து, முதல் ஆறு மாத இரும்புச்சத்துக் கையிருப்பாகிறது. தொப்புள்கொடி ரத்த வங்கிக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும் என்று சீக்கிரம் கவ்வச் சொல்லும் பெற்றோர் உண்டு. இன்றைக்குக் குழந்தைக்குத் தேவைப்படும் ரத்தத்தை எடுத்து என்றைக்கோ தேவைப்படலாம் என்று உறைய வைப்பது என் கணக்கில் நல்ல வியாபாரம் இல்லை. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குக் கொடியைக் கையால் உருவி ரத்தத்தைத் தள்ளுவதும் தவறு. மூளைக்குள் கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது.

இரண்டு மாதச் சரிவுக்கு மருந்து கிடையாது

வெளியே வந்ததும் ஆக்சிஜன் தாராளம். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனின் சுரப்பு அடங்கி, மஜ்ஜை சிவப்பணு உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. இருக்கும் அணுக்களின் ஆயுளும் பெரியவர்களைப் போல 120 நாள் இல்லை, 60 முதல் 90 நாள்தான். எனவே 8 முதல் 12 வாரத்தில் ஹீமோகுளோபின் 9.5 முதல் 11 வரை இறங்கி, பிறகு தானாக ஏறும். இந்த எண்ணைப் பார்த்து மருந்துக்கடையில் இரும்புச் சொட்டு வாங்கி ஊற்றினால் பயனில்லை, குறைவது இரும்பு அல்லவே. 9-க்குக் கீழே போனாலோ, பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ காரணத்தைத் தேட வேண்டும்.

குறைமாத, எடை குறைந்த குழந்தைகளின் கதை வேறு. கையிருப்பே இல்லாமல் பிறந்தவர்கள் என்பதால் மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து கிலோவுக்கு தினம் 2 முதல் 4 மி.கி. இரும்பு கொடுப்பதை நிறுத்தக் கூடாது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை 1 மி.லி. இரும்பு, ஃபோலிக் அமில சிரப் அரசுத் திட்டத்தில் தரப்படுகிறது. மலம் கறுத்தால் பயந்து விட்டுவிடாதீர்கள். ஒரு வயதுக்குள் பசும்பாலைப் பிரதான உணவாக்குவது வேண்டாம். அதில் இரும்பு சொற்பம், குடலில் கண்ணுக்குத் தெரியாத கசிவையும் உண்டாக்கும்.

வெயிலும் பாச்சை உருண்டையும்

மஞ்சள் காமாலைக்குக் காலை வெயிலில் காட்டுவது பல தலைமுறைப் பழக்கம். ஒளிக்கும் காமாலைக்கும் உறவு உண்டு என்பது பொய்யில்லை. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வெயில் பட்ட இடத்தில் மட்டும் குழந்தையின் மஞ்சள் வெளுத்ததைக் கண்டுதான் நீல ஒளி சிகிச்சை பிறந்தது. ஆனால் வாசலில் கிடைக்கும் வெயிலுக்கு அளவு கிடையாது. சூடும் நீரிழப்பும் சேரும், அதைவிட மோசமாக, ‘காட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்’ என்று நாள் கடந்துபோகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது இயல்பான காமாலை அல்ல. அதே நாளில் பிலிருபின் (மஞ்சளுக்குக் காரணமான நிறமி), ரத்தப் பிரிவு, நேரடி கூம்ப்ஸ் பரிசோதனை (சிவப்பணுக்கள்மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) மூன்றும் வேண்டும். உள்ளங்கை, உள்ளங்காலுக்கு மஞ்சள் இறங்கினாலும் காத்திருக்கக் கூடாது. குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பதும் தாய்ப்பாலை நிறுத்துவதும் எதிர்மாறான வேலை. பிலிருபின் வெளியேறுவது மலத்தின் வழியாக, அதற்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் போக வேண்டும். பக்கத்துப் படுக்கைக் குழந்தை பிலிருபின் 15 இருக்கும்போதே வீட்டுக்குப் போனது என்று ஒப்பிடுவதிலும் பொருளில்லை. பிறந்து 30 மணி நேரத்தில் 15-ம் 100 மணி நேரத்தில் 15-ம் ஒன்றல்ல.

ஜி6பிடி என்ற நொதி குறைவான குழந்தைக்குப் பெட்டியிலிருந்து எடுத்த துணியே எமனாகலாம். பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய சேலை, தொட்டில் துணி, கம்பளி ஆகியவற்றின் நாஃப்தலீன் ஆவி சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையைச் சட்டென ஏற்றிவிடும். துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்த பருத்தித் துணி போதும். அழகுக்கென்று மருதாணி பூசுவதையும் தள்ளிவையுங்கள். இந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதுவும் அதே சேதத்தைச் செய்கிறது.

ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்க, 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி. ‘முதல் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று விடுவது அடுத்த பிள்ளையைப் பாதிக்கும். கருக்கலைவுக்குப் பிறகும் இதே ஊசி தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வைட்டமின் கே போட்டார்களா?

இந்த ஒரு கேள்வியை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேட்டே ஆக வேண்டும். ரத்தம் உறைய உதவும் இந்த வைட்டமின் குழந்தைக்குக் கையிருப்பில் இல்லை, தாய்ப்பாலிலும் மிகக் குறைவு. தாய் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ஊசிக்கு ஈடாகாது. தொடையில் 1 மி.கி. போதும், ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 0.5 மி.கி. வீட்டிலோ ஆம்புலன்ஸிலோ பிறந்த குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் விட்டுப்போகிறது. போடாத குழந்தைக்கு முதல் வாரத்தில் தொப்புளில் கசிவு வரலாம். இன்னும் கொடியது, நன்றாக வளரும் குழந்தைக்கு ஒன்றிரண்டு மாதத்தில் திடீரென மூளையில் ஏற்படும் கசிவு. மூக்கில் சிறு ரத்தம், காரணமில்லாக் கன்றிப்பு போன்றவை அதற்கு முன்னோடியாக வரும். இரண்டு வாரம் தாண்டியும் காமாலை, மலம் வெளுப்பு என்றால் பித்தநாளக் கோளாறாக இருக்கலாம். பித்தம் வந்து சேராததால் அந்தக் குழந்தையின் குடல் இந்த வைட்டமினை உறிஞ்சாது.

எல்லா ரத்தமும் கசிவு நோய் அல்ல. பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் பிறப்புறுப்பில் வரும் சில சொட்டு, தாயின் ஹார்மோன் விலகுவதால் வருவது. வாந்தியில் ரத்தம் தெரிந்தால் தாயின் முலைக்காம்பில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆப்ட் பரிசோதனை அது யாருடைய ரத்தம் என்று சொல்லிவிடும்.

குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றால் ‘நானே தருகிறேன்’ என்று அப்பா கையை நீட்டுவது இயல்பு. கதிர்வீச்சு பாய்ச்சி வெள்ளை அணுக்களைச் செயலிழக்கச் செய்யாத, ரத்த உறவினரின் ரத்தம் ஆபத்தானது. மரபு ஒற்றுமையால் அந்த வெள்ளை அணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியமென விரட்டாமல் விட்டுவிட, அவை குழந்தையின் மஜ்ஜையையே தாக்கலாம். வங்கியில் கிடைக்கும் பொருத்தமான ரத்தமே நல்லது. பிறந்தபோது எழுதிய ரத்தப் பிரிவையும் இறுதி என்று கொள்ள வேண்டாம். குழந்தையின் சொந்த எதிர்ப்பொருள்கள் உருவாகாததால் பரிசோதனையின் ஒரு பாதியைத்தான் செய்ய முடிகிறது, ஆறு மாதத்துக்குப் பின் மறுபடி பாருங்கள்.

நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணு மரபு (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரைக் கோளாறு) இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. அங்குள்ள குடும்பங்களில் பிறப்பிலேயே இதற்குப் பரிசோதிக்க முடியும். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான பீட்டா தலசீமியாவைச் சுமப்பவரா என்பதை மட்டும் அப்போது சொல்ல முடியாது, ஹீமோகுளோபினில் பெரும்பகுதி இன்னும் கருவின் வகையாக இருக்கும். ஒரு வயது நெருங்கும்போது பார்க்க வேண்டும். எந்தப் பரிசோதனையானாலும், ரத்தம் ஏற்றும் முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் கொடையாளரின் ஹீமோகுளோபினும் கலந்து தெரியும், பிறகு மூன்று மாதம் காத்திருக்க நேரிடும்.