டி.எஸ்.எச் இறங்க விடாத கால்சியம் மாத்திரை

தைராய்டு மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டும் என் டி.எஸ்.எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 7-க்குக் கீழே இறங்கவில்லை. பெரும்பாலான லேப் ரிப்போர்ட்டில் 0.4 முதல் 4 வரைதான் இருக்க வேண்டிய அளவு. தலை சீவினால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. டோஸைக் கூட்டும் முன், வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். எலும்புக்குக் கொடுத்த கால்சியம், காலை டிபனோடு. அதுதான் காரணம்! கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்சினை, அதாவது தைராய்டு மாத்திரையில் இருக்கும் மருந்தை, குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. 4 மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

சரி என்று கால்சியத்தை இரவுக்கு மாற்றினேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. (காபியும் மருந்து சேர்வதைக் குறைக்கும், பலருக்குத் தெரிவதில்லை.) அளவு நிலைப்பட 6 வாரமாவது ஆகும், அதற்கு அப்புறமே டெஸ்ட். வந்தது 2.3. டோஸ் அதே 75 மைக்ரோகிராம்தான்.