லிப்போ பேட்டரி: சார்ஜரில் ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன்

ரிமோட்டில் ஓடும் ஆர்சி கார், விமானம், ட்ரோன் என்று எதை ஓட்டினாலும், லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சார்ஜ் ஆகும் நேரத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். சார்ஜர் சொன்னதைச் செய்யும். தப்பான எண்ணைக் கொடுத்தால் அந்தத் தப்பையும் ஒழுங்காகச் செய்து முடிக்கும்.

முதலில் லேபிளைப் படியுங்கள். 3எஸ், 2200 எம்ஏஎச், 30சி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3எஸ் என்றால் தொடராக மூன்று செல்கள். ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.7, முழு சார்ஜில் 4.20. எனவே பேக், அதாவது மூன்று செல்லும் சேர்ந்த முழு பேட்டரி, நிரம்பும்போது 12.6 வோல்ட் காட்டும். 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) அதன் கொள்ளளவு. 30சி என்பது பேட்டரியிலிருந்து எவ்வளவு வேகமாக மின்சாரத்தை எடுக்கலாம் என்பதைச் சொல்கிறது. அதற்கும் சார்ஜ் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. சார்ஜுக்கு 1சி, அதாவது கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் நிரப்பும் ஆம்பியர், போதும்: 2200-க்கு 2.2 ஆம்பியர், 850-க்கு 0.85. வேகமாக ஏற்றலாம் என்று லேபிளிலேயே போட்டிருந்தாலும், அவசரமில்லாத நாளில் 1சி-யைத் தாண்டாதீர்கள்.

அடுத்து பேட்டரியைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். உப்பல், நசுங்கல், உறையில் கிழிசல், இனிப்பான ரசாயன வாடை, இதில் ஒன்று இருந்தாலும் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஏதாவது ஒரு செல் 3.0 வோல்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் அப்படித்தான். ஓட்டி முடித்த சூட்டோடு மாட்டாதீர்கள். அறை வெப்பநிலைக்கு ஆறட்டும். உறைநிலைக் குளிரில் சார்ஜ் செய்வது இன்னும் மோசம்: லித்தியம் செல்லுக்குள் உலோகமாகப் படிந்து, பின்னாளில் உள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும்.

மாட்டும் வரிசை முக்கியம். சார்ஜ் வயரின் ஒரு முனையில் இரண்டு பனானா பிளக் இருக்கும், மூடாத வெறும் உலோகம். பேட்டரியை முதலில் மாட்டிவிட்டால், அந்த இரண்டும் மேசையில் ஒன்றையொன்று தொட்ட கணமே ஷார்ட்; பொறி பறந்து பிளக் உருகும். அதனால் முதலில் சார்ஜர் பக்கம், பிறகு பேட்டரி பக்கம், கடைசியாக பேலன்ஸ் வயர், அதாவது ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சார்ஜர் தனித்தனியாகப் பார்த்துச் சமப்படுத்த உதவும் வயர். கழற்றும்போது பேட்டரி பக்க இணைப்பை முதலில் கழற்றுங்கள். 3எஸ் பேக்கின் பேலன்ஸ் பிளக்கில் நான்கு கம்பிகள் இருக்கும். அது ஒரு திசையில்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள்.

இனி திரையில் மூன்றைச் சரிபாருங்கள்: வகை, செல் எண்ணிக்கை, ஆம்பியர். வகை லிப்போ, மோட் பேலன்ஸ் சார்ஜ். பெரிய விபத்துக்கு வழி வகை மாறுவதுதான். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற வேறு வகை பேட்டரிக்கான மோடில் சார்ஜர் ஒரு உச்சத்துக்குப் பிறகு வோல்டேஜ் லேசாக இறங்குவதற்காகக் காத்திருக்கும். லிப்போவில் அந்த இறக்கம் வராது; சார்ஜர் ஏற்றிக்கொண்டே போகும், கடைசியில் தீ. எல்ஐஎச்வி (அதிக வோல்டேஜ் லித்தியம் பேட்டரி) மோடும் ஆபத்துதான், அது ஒரு செல்லை 4.35 வரை கொண்டுபோகும். செல் எண்ணிக்கை தப்பினால் கணக்கு இன்னும் கொடுமை: 2எஸ் பேக்குக்கு 3எஸ் என்று கொடுத்தால், 12.6 வோல்டை எட்டும்போது ஒரு செல்லுக்கு 6.3. பேலன்ஸ் வயர் மாட்டியிருந்தால் பெரும்பாலான சார்ஜர்கள் இதைக் கண்டுபிடித்து நின்றுவிடும். அந்த வயரைச் சோம்பலால் விடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஸ்டார்ட் அழுத்தியதும் எழுந்து போகாதீர்கள். செல் வோல்டேஜ் திரையைப் பாருங்கள். 4.05, 4.04, 4.05 என்று சேர்ந்து ஏறினால் நல்லது. 4.15, 4.14, 3.92 என்று ஒன்று பின்தங்கினால் அந்த செல் தேய்ந்திருக்கலாம். பேலன்ஸ் ஆகி முடிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் அதே செல்தான் பின்தங்கினால் பேக்குக்கு விடைகொடுங்கள். 1சி-யில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கடைசிப் பகுதியில் ஆம்பியர் மெல்லக் குறைவதால் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். சார்ஜரில் கொள்ளளவு வரம்பு இருந்தால் 120 சதவீதத்தில் வையுங்கள். 2200 பேக்குக்குள் 2640-க்கு மேல் போகிறதென்றால் ஏதோ சரியில்லை.

இடம்: தரையில் டைல்ஸ் அல்லது கான்கிரீட் மேல், திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் தள்ளி. மாடலுக்குள் வைத்தே சார்ஜ் செய்யாதீர்கள். இரும்புப் பெட்டி பயன்படுத்தினால் மூடியின் ரப்பரை எடுத்துவிட வேண்டும். வாயு வெளியேற வழியில்லாத பெட்டி வெடிகுண்டுக்குச் சமம். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். பேட்டரி உப்ப ஆரம்பித்தால் மின்சாரத்தை நிறுத்தி, கழற்றி, வெளியே திறந்தவெளியில் வையுங்கள். புகை வந்துவிட்டால் கையால் தொடாதீர்கள், மூச்சில் இழுக்காதீர்கள். அந்தப் புகை நச்சு, விலகிவிடுங்கள்.

ஓட்டும் திட்டம் தள்ளிப்போனால் நிறைந்த பேக்கை அப்படியே அலமாரியில் போடாதீர்கள். ஸ்டோரேஜ் மோட் ஒரு செல்லை 3.80 முதல் 3.85 வோல்டுக்குக் கொண்டுவரும். 4.20-லேயே வாரக்கணக்கில் கிடக்கும் பேக் சீக்கிரம் தேய்ந்து உப்பும்.

ரிமோட்டில் பலர் இன்னும் வைத்திருக்கும் நிக்கல் பேட்டரி இவ்வளவு முரடில்லை. ஆனால் மிகக் குறைந்த ஆம்பியரில் ஏற்றினால் முன்பு சொன்ன வோல்டேஜ் உச்சம் தெளிவாகத் தெரியாமல் சார்ஜர் தவறவிடலாம், அதனால் 0.5சி முதல் 1சி வரை.

உப்பிய லிப்போவைக் கழிப்பது தனி வேலை. உப்புத் தண்ணீரில் போடும் வழக்கம் நம்பத்தக்கதல்ல: முனைகள் அரித்துப்போய், உள்ளே மின்சாரம் அப்படியே தங்கிவிடலாம். ஏற்ற வோல்டேஜ் பல்பை மாட்டி, வெளிப்புறத்தில், அது அணையும்வரை வடியவிடுங்கள். பிறகு முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் அல்ல.